படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடு

கொல்கத்தா நகரின் தெற்குப் பகுதியில் உள்ளது கரியாஹாட். ராஷ்பிஹாரி அவென்யூவும் கரியாஹாட் சாலையும் சந்திக்கும் நாற்சந்தி அது. சேலைக் கடைகளுக்கும் மீன் சந்தைக்கும் பெயர் பெற்ற இடம். நடைபாதை முழுவதும் சிறு கடைகள். ராஷ்பிஹாரி அவென்யூவில் மேற்கே நடந்தால் லேக் மார்க்கெட் வரும். தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழும் பகுதி அது.

இந்தப் பாடத்தில் வரும் குடும்பம் கற்பனை. சட்டங்களும் மற்ற செய்திகளும் உண்மை.

இட்லிக்கடை அக்கா

கரியாஹாட் நடைபாதையில் ஓர் அம்மா இட்லிக்கடை வைத்திருக்கிறார். எல்லோருக்கும் அவர் "இட்லிக்கடை அக்கா". சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது அவர் சிறு பெண். மாலை வகுப்பில் எழுத்தும் எண்ணும் கற்றார். கல்யாணம் ஆகிக் கொல்கத்தா வந்தார். வங்காள மொழியைத் தெருவில் பேசிப் பழகினார்.

அக்காவிடம் ஒரு நோட்டு உண்டு. யார் எத்தனை இட்லி கடன் என்று அதில் எழுதுவார். அன்றைய கணக்கை அன்றே எழுதிவிடுவார்.

2022-ஆம் ஆண்டு. கொல்கத்தாவில் டெங்குக் காய்ச்சல் அதிகமாக இருந்த காலம். அக்காவின் கணவருக்கும் காய்ச்சல் வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள். அக்காவிடம் "ஸ்வாஸ்த்ய சாத்தி" கார்டு இருந்தது. அது 2016-இல் மேற்கு வங்க அரசு தொடங்கிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். குடும்பத் தலைவியின் பெயரில் கார்டு தருவார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் ஆண்டில் 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. கையில் இருந்து பணம் கட்ட வேண்டியதில்லை.

ஆனால் அந்த ஆண்டு அக்காவின் கார்டில் 70,000 ரூபாய்தான் மீதி இருந்தது. மாமியாருக்கு இதய நோய். அவருடைய சிகிச்சைக்கு மற்ற பணம் செலவாகிவிட்டது. அடுத்த மாதம் மாமியாரை மறுபடியும் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கணவர் ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களிலும் அக்கா நோட்டை விடவில்லை. இப்படி எழுதினார்:

திங்கள்: காலை 10 மணிக்குச் சேர்த்தோம். பொது வார்டு. கட்டில் 14. ரத்தம் எடுத்தார்கள். மருந்துக்கு என்று 6,000 ரூபாய் வாங்கினார்கள். ரசீது தரவில்லை.

செவ்வாய்: குளுக்கோஸ் 2 பாட்டில். ரத்தப் பரிசோதனை.

புதன்: குளுக்கோஸ் 2 பாட்டில். கஞ்சி குடித்தார்.

வியாழன்: காய்ச்சல் இல்லை. ரத்தப் பரிசோதனை. தட்டணு ஏறிவிட்டது என்று டாக்டர் சொன்னார்.

வெள்ளி: காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

பில் வந்தது

வெள்ளிக்கிழமை பில் போடும் இடத்தில் ஓர் இளைஞர் இருந்தார். ஒரு தாளை நீட்டினார்.

"தீதி, இங்கே கையெழுத்துப் போடுங்க. அந்த மெஷின்ல விரலை வைங்க. முடிஞ்சது" என்றார். தீதி என்றால் வங்காளத்தில் அக்கா.

"படிச்சுப் பார்த்துட்டுப் போடறேன் தம்பி" என்றார் அக்கா.

"இதுல படிக்க என்ன இருக்கு? கார்டுல போகுது. உங்க கைக்காசு இல்லையே. அரசாங்கம்தானே கொடுக்குது?"

"கார்டுல இருக்கிறது என் மாமியாரோட வைத்தியம் தம்பி. பில்லைக் கொடுங்க."

பில் ஆங்கிலத்தில் இருந்தது. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் எண்கள் தெரியும். கடைசி வரியில் 61,400 என்று இருந்தது. மேலே ஓர் இடத்தில் 3, இன்னோர் இடத்தில் 4. கணவர் படுத்திருந்தது 4 இரவு. அப்படியானால் 3 என்ன? அக்காவுக்குப் புரியவில்லை.

லேக் மார்க்கெட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். ஆஸ்பத்திரி ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். தினமும் அக்கா கடைக்கு வருவார். அக்கா அவருக்குப் போன் செய்தார். அவர் உடனே வந்தார். பில்லை வரிவரியாகப் படித்தார்.

"அம்மா, தீவிர சிகிச்சைப் பிரிவுல 3 நாள்னு போட்டிருக்கு. பொது வார்டுல 4 நாள். தட்டணு 4 பை ஏத்தினதா எழுதியிருக்கு."

"ஐயா, அவரு 14-ஆம் நம்பர் கட்டிலை விட்டு எங்கேயும் போகலை. தட்டணு ஏத்தவே இல்லை. இதோ, எழுதி வச்சிருக்கேன்."

பெரியவர் நோட்டைப் பார்த்தார். பில்லைப் பார்த்தார். "கையெழுத்துப் போடாதீங்க. இந்த ஆஸ்பத்திரியிலேயே புகார்ப் பிரிவு இருக்கும். முதல்ல அங்கே போவோம்" என்றார்.

புகார்ப் பிரிவில்

புகார்ப் பிரிவில் ஓர் அதிகாரி இருந்தார். விதிமுறைகளை எல்லோரும் பின்பற்றுகிறார்களா என்று பார்ப்பதும் அவர் வேலைதான். அவர் பில் பிரிவின் கீழ் வேலை செய்பவர் அல்ல. நேராக நிர்வாகக் குழுவுக்குப் பதில் சொல்பவர்.

அவர் மூன்று தாள்களைக் கொண்டுவரச் சொன்னார். நர்ஸ்கள் தினமும் எழுதும் குறிப்பு ஒன்று. தீவிர சிகிச்சைப் பிரிவின் வருகைப் பதிவேடு ஒன்று. ரத்த வங்கியில் இருந்து தட்டணு வாங்கியதற்கான தாள் ஒன்று.

நர்ஸ்கள் குறிப்பில் "பொது வார்டு, கட்டில் 14" என்றே இருந்தது. தீவிர சிகிச்சைப் பதிவேட்டில் கணவர் பெயர் இல்லை. தட்டணு வாங்கிய தாளே இல்லை. அக்காவின் நோட்டும் நர்ஸ்களின் குறிப்பும் ஒன்றாக இருந்தன. பில் மட்டும் வேறாக இருந்தது.

பில் திருத்தப்பட்டது. சரியான தொகை 11,200 ரூபாய். ரசீது இல்லாமல் வாங்கிய 6,000 ரூபாயும் திரும்பி வந்தது. கார்டில் 58,800 ரூபாய் மிஞ்சியது. பழைய பில்லுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால் 8,600 ரூபாய்தான் மிஞ்சியிருக்கும். மாமியாரை அடுத்த மாதம் சேர்த்திருக்க முடியாது.

அதிகாரி அதோடு நிற்கவில்லை. அந்த மாதம் போட்ட மற்ற பில்களையும் எடுத்துப் பார்த்தார். வேறு நோயாளிகள் பெயரிலும் அதே போல எழுதியிருந்தது. மாதம் இத்தனை ரூபாய் வரவேண்டும் என்று பில் பிரிவுக்கு மேலாளர் இலக்கு வைத்திருந்தார். இளைஞர் அதற்குப் பயந்து எழுதியிருந்தார். நிர்வாகக் குழு இளைஞர் மீது மட்டும் நடவடிக்கை எடுக்கவில்லை. மேலாளர் மீதும் எடுத்தது. பொய்யாக வாங்கிய பணத்தைத் திட்டத்துக்குத் திருப்பிக் கட்டியது.

தவறு வேறு, மோசடி வேறு

எண்ணை மாற்றி எழுதுவது தவறு. சொன்னால் திருத்திவிடுவார்கள். தெரிந்தே பொய் எழுதிப் பணம் வாங்குவது மோசடி. நேர்மையான மருத்துவர்களும் நர்ஸ்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். மோசடி அவர்களுக்கும் கெட்ட பெயர் தருகிறது.

மருத்துவ மோசடி பல வகை:

1. செய்யாத சிகிச்சைக்குப் பில் போடுவது.

2. சிறிய சிகிச்சை செய்து பெரிய சிகிச்சை என்று எழுதுவது.

3. தேவை இல்லாத பரிசோதனை, தேவை இல்லாத ஆபரேஷன் செய்வது.

4. இலவசத் திட்டத்தில் சேர்த்துக்கொண்டு தனியாகவும் பணம் வாங்குவது.

5. நோயாளியை அனுப்பி வைத்ததற்குத் தரகர் அல்லது மருத்துவர் கமிஷன் வாங்குவது.

6. ஒருவர் கார்டில் இன்னொருவருக்குச் சிகிச்சை செய்வது. இதில் சில சமயம் கார்டு வைத்திருப்பவரும் கூட்டு. சிறு தொகைக்கு ஆசைப்பட்டுக் கார்டைக் கடன் கொடுப்பதும் மோசடிதான்.

நாட்டில் நடந்தவை

பணம் போவதோடு இது நிற்பதில்லை. உடம்புக்கும் கேடு வருகிறது.

2008-இல் மத்திய அரசு ஏழைகளுக்கு ஒரு காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தது. ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 30,000 ரூபாய். 2012-இல் பீகாரிலும் சத்தீஸ்கரிலும் அதிர்ச்சியான செய்தி வந்தது. தேவை இல்லாமலே பெண்களுக்குக் கருப்பை எடுக்கும் ஆபரேஷன் செய்கிறார்கள் என்று புகார் எழுந்தது. வயிற்றுவலி, வெள்ளைப்படுதல் என்று போன ஏழைப் பெண்கள் அவர்கள். இளம் வயதுப் பெண்களும் அதில் உண்டு. புற்றுநோய் வரும் என்று பயமுறுத்தியதாகப் பலர் சொன்னார்கள். கார்டில் இருந்த பணம் அந்த மருத்துவமனைகளுக்குப் போனது. எடுத்த கருப்பை திரும்பி வராது. இந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2023 ஏப்ரல் மாதம் தீர்ப்பு வந்தது. தேவையற்ற கருப்பை ஆபரேஷனைத் தடுக்க மத்திய அரசு வகுத்த நெறிமுறைகளை எல்லா மாநிலங்களும் 3 மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது.

2018-இல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் வந்தது. 2023 ஆகஸ்டில் மத்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை அதில் இருந்த ஓட்டைகளைக் காட்டியது. ஏறக்குறைய 7 லட்சத்து 50 ஆயிரம் பேர் ஒரே கைப்பேசி எண்ணில் பதிவாகி இருந்தார்கள். கைப்பேசி எண்ணை வைத்துப் பயனாளியை முடிவு செய்வதில்லை என்று அரசு விளக்கம் தந்தது. அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. முன்பே இறந்துவிட்டதாகப் பதிவான 3,446 நோயாளிகளின் பெயரில் மறுபடியும் சிகிச்சைப் பணம் போயிருந்தது. தொகை 6 கோடியே 97 லட்சம் ரூபாய்.

2024 நவம்பரில் குஜராத்தில் ஒரு தனியார் மருத்துவமனை கிராமத்தில் இலவச முகாம் நடத்தியது. அங்கிருந்து 19 பேரை அகமதாபாத்துக்கு அழைத்துச் சென்றது. அவர்களில் 7 பேருக்கு இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். 2 பேர் இறந்துபோனார்கள். திட்டப் பணத்துக்காகத் தேவை இல்லாமல் செய்தார்கள் என்று போலீஸ் வழக்குப் பதிவு செய்தது. மருத்துவர்கள் உள்படப் பலர் கைதானார்கள்.

மருத்துவமனைக்குள் ஒரு வேலி

இட்லிக்கடையிலும் ஒரு விதி உண்டு. கல்லாவில் இருப்பவரே கணக்கையும் சரிபார்த்தால் ஓட்டை விழும். ஒருவர் பணம் வாங்க வேண்டும். இன்னொருவர் கணக்குப் பார்க்க வேண்டும். பெரிய மருத்துவமனைக்கும் இதே விதிதான்.

அமெரிக்காவில் 1863-இல் ஒரு சட்டம் வந்தது. அப்போது அங்கே உள்நாட்டுப் போர். ராணுவத்துக்கு மோசமான பொருள்களை விற்று அரசை ஏமாற்றினார்கள். அதைத் தடுக்க வந்த சட்டம் அது. பொய்க் கணக்கைக் காட்டிக் கொடுப்பவருக்கு, மீட்ட பணத்தில் ஒரு பங்கு உண்டு. பிற்காலத்தில் மருத்துவமனைகளின் பொய்ப் பில்களைப் பிடிக்கவும் இந்தச் சட்டம் உதவியது. ஒரு பெரிய மருத்துவமனை நிறுவனம் 2000-லும் 2003-லும் சேர்த்து 170 கோடி டாலர் கட்ட வேண்டி வந்தது. 1998-இல் அந்த நாட்டு அரசு மருத்துவமனைகளுக்கு வழிகாட்டி ஒன்று வெளியிட்டது. மோசடி நடந்தபின் தண்டிப்பதைவிட, நடக்காமல் உள்ளேயே தடுப்பது நல்லது என்பது அதன் கருத்து.

அந்த வழிகாட்டி சொல்வது சுருக்கமாக இதுதான்:

1. எது சரி, எது தவறு என்று விதிகளை எழுதி வைக்க வேண்டும்.

2. விதிகளைக் கவனிக்க ஓர் அதிகாரி வேண்டும். பில் பிரிவு அவரை மிரட்ட முடியாதபடி இருக்க வேண்டும்.

3. எல்லா ஊழியருக்கும் விதிகளைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

4. ஊழியர் பயமின்றிப் புகார் சொல்ல வழி வேண்டும்.

5. பில்லையும் நோயாளியின் பதிவேட்டையும் அடிக்கடி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

6. தவறு செய்தவர் யாராக இருந்தாலும் ஒரே தண்டனை.

7. தவறு தெரிந்ததும் திருத்த வேண்டும். பொய்யாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

கதையில் வந்த அதிகாரி செய்ததும் இதைத்தான். ஆனால் அந்த வேலி வேலை செய்ய ஒருவர் வந்து கேட்க வேண்டியிருந்தது. அக்கா போய்க் கேட்டார்.

சட்டம் தரும் துணை

2017 மார்ச் மாதம் மேற்கு வங்கச் சட்டசபை ஒரு சட்டம் நிறைவேற்றியது. தனியார் மருத்துவமனைகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் அது. கட்டண விவரத்தை எல்லோரும் பார்க்கும்படி வைக்க வேண்டும். மருத்துவமனையில் புகார்ப் பிரிவு வேண்டும். பணம் பாக்கி என்று சொல்லி இறந்தவர் உடலைத் தராமல் இருக்கக்கூடாது. புகார்களை விசாரிக்க ஓர் ஆணையமும் அமைந்தது. 2020-இல் கொரோனா நோயாளிகளிடம் சில மருத்துவமனைகள் பெரிய தொகை கேட்டன. அப்போது ஆணையம் முன்பணத்துக்கு வரம்பு வைத்தது. மதிப்பிட்ட செலவில் 20 சதவீதம், அல்லது 50,000 ரூபாய், இதில் எது குறைவோ அதற்கு மேல் கேட்கக்கூடாது என்றது.

இந்தியா முழுவதற்கும் உள்ளவை சில:

நோயாளியை அனுப்பி வைப்பதற்காக மருத்துவர் கமிஷன் வாங்கவோ கொடுக்கவோ கூடாது. இது 2002-இல் வந்த மருத்துவர் நடத்தை விதி.

நோயாளி கேட்டால் அவருடைய மருத்துவப் பதிவேட்டை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதுவும் அதே விதியில் உள்ளது.

பணம் கட்டிப் பெறும் சிகிச்சையில் குறை இருந்தால் நுகர்வோர் நீதிமன்றம் போகலாம். இதை 1995-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

தமிழ்நாட்டில் 2012-இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2018-இல் அது ஆயுஷ்மான் பாரத் திட்டத்துடன் இணைந்தது. இந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை தனியாகப் பணம் கேட்டால் புகார் செய்யலாம்.

செய்ய வேண்டியவை

1. கார்டைக் கையிலேயே வைத்திருங்கள். தரகரிடம் கொடுக்காதீர்கள்.

2. சேர்ந்த நாள், நேரம், வார்டு, கட்டில் எண், செய்த பரிசோதனை, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள்.

3. கொடுத்த பணத்துக்கெல்லாம் ரசீது கேளுங்கள்.

4. வெற்றுத் தாளில் கையெழுத்தோ கைரேகையோ வைக்காதீர்கள்.

5. பில்லை விவரமாகக் கேளுங்கள். மொத்தத் தொகை மட்டும் போதாது. மொழி தெரியாவிட்டால் தெரிந்தவரை அழையுங்கள்.

6. அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் இன்னொரு மருத்துவரிடமும் கேளுங்கள். அரசு மருத்துவமனையில் கேட்கலாம். ஆனால் உயிருக்கு ஆபத்தான நேரத்தில் சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள்.

7. முதலில் மருத்துவமனையின் புகார்ப் பிரிவுக்கு எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பதில் இல்லை என்றால் ஆயுஷ்மான் பாரத் திட்டத்துக்கு 14555 என்ற எண் உண்டு. நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண் உண்டு.

சொல்லும் பொருளும்

பயனாளி – திட்டத்தின் உதவியைப் பெறுபவர்

தணிக்கை – கணக்கைச் சரிபார்த்தல்

தட்டணு – ரத்தம் உறைய உதவும் சிறு அணு

பதிவேடு – நடந்ததை எழுதி வைக்கும் புத்தகம்

பேசிப் பாருங்கள்

1. "உங்க கைக்காசு இல்லையே" என்று இளைஞர் சொன்னார். அது சரியா? அந்தப் பணம் யாருடையது?

2. பொய்ப் பில் எழுதிய இளைஞர் மீது மட்டும் நடவடிக்கை எடுத்திருந்தால் போதுமா?

3. உங்கள் வீட்டில் மருத்துவக் காப்பீட்டுக் கார்டு உள்ளதா? அது யார் பெயரில் உள்ளது? அதில் உள்ள எண்ணைப் படித்து எழுதுங்கள்.

4. கடைசியாக வாங்கிய மருந்துக்கடைப் பில்லை எடுங்கள். மருந்தின் விலைகளைக் கூட்டிப் பாருங்கள். மொத்தம் சரியாக வருகிறதா?